கோசோத் தீவிலிருந்து மகனுக்கு

இயேசு, மரி, சூசை துணை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உன் நலத்தையும் உன் வீட்டார் நலத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம். தொலைபேசி இருக்கும்போது தபால் எதற்கென்று நீ நினைக்கலாம். தொலைபேசியை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நீயும் அலுவலகக் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். பாஸ்காவுக்கு வீட்டு முகவரிக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை கிடைத்ததா இல்லையா என்று நீ ஒரு வார்த்தையும் சொல்லாததால் இப்படிச் செய்கிறேன். வேறு காரணம் இல்லை.

மால்டா நாட்டைச் சேர்ந்த இந்தக் கோசோத் தீவில், ஷாரா என்ற ஊரில் உன் தங்கை எடுத்திருக்கும் வீடு வசதியாக இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய பழைய வீடு. சுவரின் கனத்தால் ஜூலை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி குறைவதில்லை. மால்டா நாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை என்பதால், கூரையில் விழும் மழைநீர் வீட்டுக்கு அடியில் வெட்டிய கிணற்றில் போய்ச் சேரும்படி அந்தக் காலத்திலேயே கட்டியிருக்கிறார்கள். இப்போது குழாயில் வருவதில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்த நீர்தான். அம்மாவுக்கு அதன் ருசி பிடிக்கவில்லை. மதியம் கடைகளை அடைத்துவிட்டு ஊரே உறங்குகிறது. முதலில் எனக்கு அது சோம்பலாகப் பட்டது. இப்போது நானும் உறங்குகிறேன். மாலையில் எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நாற்காலி போட்டு அமர்வார். அம்மாவும் போய் உட்கார்ந்து, அவர் மால்டீஸ் மொழியிலும் இவள் தமிழிலுமாக ஒரே செபமாலையைச் சொல்லி முடிக்கிறார்கள். அந்தப் பாட்டி தம் வீட்டுச் சாவியைப் பகல் முழுவதும் கதவின் வெளிப்பக்கத்திலேயே விட்டுவைக்கிறார். பழைய ஆட்கள் இங்கே அப்படித்தானாம். உன்னைப் பற்றி அம்மா அவரிடம் சொல்லாதது எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பாலம் கட்டும் பொறியாளர், எங்கள் தெருவிலேயே வெளிநாட்டில் படித்த முதல் பிள்ளை என்றெல்லாம் சைகையாலேயே விளக்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளை எப்போது வருவான் என்று பாட்டி தினமும் கேட்கிறார். அதற்குத்தான் அம்மாவால் சைகை காட்ட முடியவில்லை.

காலையில் நான் மார்சல்ஃபோர்ன் கடற்கரை வழியாக ஷ்வேய்னி உப்பளம் வரை நடக்கிறேன். முப்பது வருடம் உப்போடு இருந்தவன் என்பதால் என் கால்கள் தாமாகவே அங்கே போய்விடுகின்றன. நம் ஊரில் மண்ணை மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டுவோம். இங்கே கடற்கரைப் பாறையையே சதுரம் சதுரமாகக் குடைந்திருக்கிறார்கள். கடல்நீரைப் பாத்திகளில் நிறுத்தி, வெயில் குடித்தது போக மிஞ்சும் உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவித்து, பாறையிலேயே வெட்டிய குகை அறைகளில் சேர்க்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். இடையில் ஒரு மழை விழுந்தால் பட்ட பாடெல்லாம் கரைந்துவிடும். அதற்காக யாரும் உப்பளத்தை விட்டுப் போய்விடுவதில்லை, மறுநாள் மீண்டும் நீர் நிறுத்துகிறார்கள். நம் உப்பளங்களோடு ஒப்பிட்டால் விளைச்சல் மிகக் குறைவு என்பதைச் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அதே பாத்தியில் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து உப்பு வாருவதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் தங்கைக்கு அனுப்பிய படத்தில் சட்டை தோளில் தொங்குகிறது. அந்தப் படத்தின் பின்னால் தெரிந்த அறை எது என்று அம்மா கேட்டாள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்களாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை எங்களை எங்காவது அழைத்துப் போகிறாள். ஜகண்டியா என்ற கற்கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கி.மு. 3600 வாக்கில் எழுப்பியது, எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே ஓர் அரக்கி அந்தக் கற்களைச் சுமந்து வந்து கட்டினாள் என்று இங்கே கதை சொல்கிறார்கள். அதைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தாதெல்லா கோட்டைக்கும் போனோம். 1551-இல் துருக்கியக் கடற்படை அதைப் பிடித்து, தீவில் இருந்த ஏறக்குறைய 5,000 பேரை அடிமைகளாகக் கொண்டுபோனது. அதன் பிறகு 1637 வரை, இரவானால் குடிமக்கள் அனைவரும் கோட்டைக்குள் வந்துவிட வேண்டும் என்று சட்டமே இருந்ததாம். நல்ல சட்டம்.

ரம்லா கடற்கரையில் மணல் செந்நிறமாக இருக்கிறது. அதற்கு மேலே குன்றில் இருக்கும் குகையில்தான், கிரேக்கக் கதையில் வரும் ஒடிசியஸை கலிப்சோ என்ற தேவதை ஏழு ஆண்டுகள் வைத்திருந்தாள் என்கிறார்கள். சாப்பாட்டுக்கும் சுகத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவன் தினமும் கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். ஊரில் அவன் தகப்பன் கந்தல் உடுத்தித் தோட்டத்தில் கிடந்தானாம். அவன் தாய் ஏக்கத்திலேயே இறந்துபோனாள் என்ற பகுதியை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு இங்கே இப்போதே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. வெடிச் சத்தமும் பேண்டு வாத்தியமும் நம் பனிமய மாதா திருவிழாவை நினைவூட்டுகின்றன. அன்று விக்டோரியா நகரத் தெருவில் குதிரைப் பந்தயமும் உண்டு. மால்டாக்காரர்களுக்கு அந்த நாளின் மேல் இன்னொரு பற்றும் இருக்கிறது. 1942-இல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி இந்நாட்டைப் பட்டினி போட்டபோது, பிரிட்டனிலிருந்து உணவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு 14 கப்பல்கள் புறப்பட்டன. வந்து சேர்ந்தவை ஐந்துதான். அவற்றுள் ஒன்றான ஒஹையோ என்ற எண்ணெய்க் கப்பல் சரியாக ஆகஸ்ட் 15 அன்று வலெட்டாத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. குண்டு பட்டு, முதுகு ஒடிந்து, இயந்திரம் நின்றுபோய், தன்னால் மிதக்கவும் முடியாத நிலையில், இருபுறமும் இரண்டு போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தன. கரையெங்கும் மக்கள் நின்று கைதட்டினார்கள் என்கிறார்கள். என்ன நிலையில் வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நம் வீட்டிலும் யாரும் யாரையும் கேள்வி கேட்கமாட்டோம் என்பது உனக்கே தெரியும்.

பெரிய மாமா தவறியபோதுகூட நீ வரவில்லை. வேலை அப்படி என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். இந்த முறை அப்படிச் சொல்வது கடினம். லண்டனிலிருந்து மால்டாவுக்கு விமானத்தில் மூன்று மணி நேரம் சொச்சம்தான். பிரிட்டன் கடவுச்சீட்டு வாங்கியிருக்கிறாய், உனக்கு விசாவும் தேவையில்லை. எங்களுக்கு 180 நாளில் 90 நாளுக்கு மேல் இங்கே தங்க அனுமதி இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டாக வேண்டும். அதற்குள் நான்கு நாளாவது வா. எல்லோருமாக வர முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டால் நீ மட்டும் வா. தனியாக வந்தால் மாடியறை இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கமாட்டோம். அம்மாவிடம் நான் சொல்லி வைத்துவிடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து சிர்க்கேவா துறைக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து படகில் 25 நிமிடத்தில் இங்குள்ள இம்ஜார் துறைக்கு வந்துவிடலாம். கோசோவுக்கு வரும்போது பயணச்சீட்டு கேட்கமாட்டார்கள், திரும்பிப் போகும்போதுதான் கட்டணம். ஆகவே சீட்டு எங்கே வாங்குவது என்று தேடி அலையாதே. படகு இரவிலும் ஓடுகிறது. தேதி முடிவானதும் எனக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பு. அம்மாவிடம் முன்கூட்டிச் சொன்னால் அன்றிலிருந்தே சமைக்கத் தொடங்கிவிடுவாள், அப்புறம் நீ வராமற்போனால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தங்கைக்கு இரவுப் பணி இருந்தாலும் நான் துறைக்கு வந்து நிற்கிறேன். அதுவரை வேளைக்குச் சாப்பிடு. இரவில் வெகுதூரம் தனியே கார் ஓட்டாதே.

குழந்தைக்கு எங்கள் முத்தம். மருமகளிடம் பேச நேர்ந்தால் நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா