செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நமது ஃபிலிம் கேமரா சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டார்க்ரூம் பயிற்சி இருமுறை நடந்தது. புகைப்பட நடை மழையால் நின்றது.

அடுத்து மேற்பூச்சுப் பதிவேடு. “செயலாளர் படம் எடுப்பதை விட்டுவிட்டு கேமரா துடைக்கிறார்” என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இரவல் போகும் ஒவ்வொரு கேமராவும் எங்கே தேய்கிறது என்று போகும்போதும் வரும்போதும் குறித்து வைப்பதுதான் திட்டம்.

பித்தளைமேல் குரோம் ஏற்றியவைதான் கெட்டி. 1954-இல் வெளிவந்த லைகா எம்3 இன்றும் பார்க்கும்படி இருப்பது அதனால்தான். அதில் உதிர்வது கைபிடிக்கும் வல்கனைட் உறை, அதாவது கெட்டி ரப்பர். அதுவும் தேய்ந்து போவதில்லை, வயதாகி இறுகி நொறுங்குகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த நிக்கான் எஃப் வேறு ரகம். ஸ்ட்ராப் வளையம் உரசும் இடம், மேல்தகட்டின் விளிம்பு, அடித்தகட்டின் மூலை என்று வரிசையாகப் பித்தளை எட்டிப் பார்க்கும். அதுதான் அழகு என்பவர்கள் கட்சியில் நானும் உண்டு. ஆனால் நல்ல கேமராவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்குவதை என்னால் ஏற்க முடியாது. பிளாக் குரோம் என்னும் கறுப்பு முலாம் பெயின்ட்டைவிட நெடுநாள் தாங்குகிறது. கேனன் ஏஇ-1இன் வெள்ளி மேல்தகடு முலாம் பூசிய பிளாஸ்டிக் என்று நான் சொன்ன நாளிலிருந்து, அதை வைத்திருக்கும் நண்பர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பயன்படுத்தித் தேய்ந்தவற்றைவிட, அலமாரியில் கிடந்து கெட்டவை அதிகம். துத்தநாக மேல்தகடு உள்ள கேமராக்களில் பூச்சுக்கடியில் அரிப்பு கிளம்பிக் கொப்புளம் போடும். பழைய கேமராக்களின் தோலுக்கடியில் ரிவெட் களிம்பேறி மேடு தட்டும். தொண்ணூறுகளின் சில கேமராக்களில் ரப்பர் பூச்சு தொட்டாலே ஒட்டும். இவற்றில் எதற்கும் ஒரு ரோல்கூட ஓட்டியிருக்க வேண்டியதில்லை.

ஓர் அடித்தகட்டுக்கு நானே பெயின்ட் அடித்ததும் மூன்றே ரோலில் அது செதில் செதிலாக வந்ததும் உண்மை. பழைய அழுக்கைச் சரியாகப் போக்கவில்லை, சூடேற்றி இறுக வைக்கவும் இல்லை. பெயின்ட் வாங்கியது என் கைக்காசில் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரவல் வாங்கிய அனைவருக்கும் தேய்மானப் படிவம் கொடுத்தோம். திரும்பி வந்தவை சொற்பம். அவற்றிலும் பாதியில் “நன்றாக இருக்கிறது” என்று மட்டுமே எழுதியிருந்தது. கேமராவே திரும்பாத வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில்தான் சந்தாவும் நிலுவை. பெயர் சொல்ல விரும்பவில்லை, அவர்கள் இன்று வரவும் இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன. சில்லறைச் செலவுகளின் விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவருக்கும் பொருளாளருக்கும், நாற்காலி எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கில்லை. பதிவேட்டை எடுத்து நடத்த ஒருவர் முன்வந்தால் இன்றே கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் பாதியில் விட மனம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேடு மேசைமேல் இருக்கிறது. அதற்கடியிலேயே ரசீதுப் புத்தகமும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்