பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் காசு கேட்காதீர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வனப் பாதுகாப்புப் பணி செய்துவரும் தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக்கான உங்கள் களப்பயிற்சி அறிவிப்பு எங்கள் கல்லூரிக்கும் வந்தது. மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று துறைத்தலைவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் முழுநேர வேலை. உதவித்தொகை கிடையாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 6,000 ரூபாய் வருகிறவரே கட்ட வேண்டும். லேப்டாப், மலையேறும் ஷூ, மழைக்கோட்டு எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்தையும் முடித்தால்தான் சான்றிதழ். போன ஆண்டு எங்கள் மாணவி ஒருத்தி கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் திரும்பியது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகும் அறிவிப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. அதனால்தான் இனி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுங்கள். அவர்களிடம் பணம் வாங்காதீர்கள்.

மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்களிடம் படிக்க வருகிறவர்கள் பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டில் முதலில் பட்டம் வாங்குகிறவர்கள். சாப்டூர் வனச்சரகம் இவர்கள் ஊரிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அறிவித்தபோதும், 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கியபோதும், ஆடு மேய்க்கும் இடமும் சுள்ளி பொறுக்கும் இடமும் சுருங்கியது இவர்கள் குடும்பங்களுக்குத்தான். காடு பிழைக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்டில் படித்த வேலை என்று ஒன்று வரும்போது, அது இவர்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது.

போன ஆண்டு உங்களிடம் வந்த எங்கள் மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். அப்பா ஒரு தென்னந்தோப்பில் காவல். அம்மா களையெடுக்கப் போகிறவர். உங்கள் நேர்காணலில் அவள் தேர்வானாள். செய்தி வந்த அன்று துறை முழுக்க இனிப்புக் கொடுத்தாள். மறுநாள்தான் கட்டண விவரம் வந்தது. அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். அந்தப் பணத்தில் முதல் இரண்டு மாதக் கட்டணம், ஷூ, மழைக்கோட்டு. லேப்டாப் நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். மூன்றாவது மாதக் கட்டணத்துக்கு அப்பா தோப்புக்காரரிடம் முன்பணம் வாங்கினார். நான்காவது மாதத்துக்குக் கேட்க ஆள் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த மூன்று மாதத்தில் அவள் செய்தது என்ன? விடியும் முன் எழுந்து இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் சத்தமில்லாமல் நடந்து, கண்ணில் பட்ட மான், காட்டுமாடு, மந்தி எல்லாவற்றையும் தூரத்தோடும் கோணத்தோடும் குறித்தாள். விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராப் பொறிகளுக்கு பேட்டரி மாற்றினாள், மெமரி கார்டு எடுத்து வந்தாள். மாலை முழுக்கப் படம் பிரித்தாள். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அலுப்பும் தெரியும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே கேமரா படம் எடுத்துவிடும். ஆயிரக்கணக்கில் வெறும் புல்லும் பாறையும் ஓடும், அதற்கு நடுவே ஒரு விலங்கு. ஏற்கெனவே ஒருவர் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த தொகுப்பை இவள் மறுபடி பார்த்திருக்கிறாள். ஓர் இரவுப் படத்தின் கீழ்மூலையில், சருகுக்குள் இரண்டு கண் மின்னியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும். சருகுமான். முயல் அளவுதான் இருக்கும், இரவில்தான் வெளியே வரும். அந்தப் படம் உங்கள் ஆண்டறிக்கையில் அரைப்பக்கத்துக்கு வந்திருக்கிறது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

சான்றிதழ் கேட்டபோது, ஆறு மாதம் முடிக்கவில்லை, விதிமுறையில் இடமில்லை என்று பதில். மூன்று மாதம் உழைத்ததற்கு மூன்று மாதச் சான்றிதழ் கொடுப்பதில் எந்த விதி உடைகிறது? அந்தத் தாள் இல்லாததால் அடுத்து விண்ணப்பித்த களப் பணியிடத்தில் அனுபவம் இல்லாதவர் என்று தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே முதல் மாதமே சம்பளம் கொடுத்தார்கள். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். மாதம் 25 நாள் என்று வைத்தால் 8,400. கண்மாயில் மண் வெட்டியவருக்கு அரசு இவ்வளவு தரவேண்டும் என்று வைத்திருந்தது. பட்டம் படித்துவிட்டு உங்கள் தரவுகளைச் சேகரிக்கும் பிள்ளை மாதம் 6,000 ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டுகிறது. ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறையில் வேலை பழகும் பையனுக்குக்கூட 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகை உண்டு. உங்கள் முகாம் அந்தச் சட்டத்துக்குள் வராமல் இருக்கலாம். மனசாட்சிக்குள் வரும் அல்லவா?

நன்கொடையாளர்கள் இதற்குப் பணம் தரமாட்டார்கள், வெளிநாட்டு நிதியில் கட்டுப்பாடு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆய்வையும் பயிற்சியையும் முதன்மை வேலையாகக் கொண்ட அமைப்புகளில், களத் தரவு சேகரிக்கிறவர்களுக்கும் அதை ஆராய்கிறவர்களுக்கும் கொடுக்கும் ஊதியம் அந்த நிர்வாகக் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. உள்நாட்டிலுள்ள பெரிய நிறுவனங்களோ 2013 கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்குகின்றன. அவர்களிடம் திட்ட மதிப்பீடு கொடுக்கும்போது ஜீப் வாடகை என்று ஒரு வரி எழுதுகிறீர்கள், கேமரா என்று ஒரு வரி, ஆலோசகர் கட்டணம் என்று ஒரு வரி. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான உதவித்தொகை என்று இன்னொரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்டு அவர்கள் மறுத்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. உங்கள் முகாமில் பாதை காட்டுகிறவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள். எந்தக் கால்தடம் எப்போது விழுந்தது என்று மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்குத் தினக்கூலி, மழை பெய்து வேலை நின்றால் அதுவும் இல்லை. அறிக்கையில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். முகாமில் வாராந்திரக் கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது, அவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருடைய காட்டைப் பற்றி யார் பேசுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? மதுரைக்குப் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டி மலைப்பகுதியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அடுத்த இரண்டே ஆண்டில் அதைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது மேலூர்ப் பக்கத்து விவசாயிகளும் பெண்களும் மதுரை வரைக்கும் திரண்டு வந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலையை அன்றைக்குக் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வெளியூரிலிருந்து ஆறு மாதம் வந்து போகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திட்டம் முடிந்து உங்கள் ஜீப் போன பிறகும் இந்த அடிவாரத்திலேயே இருக்கப்போகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்காமல் எந்தக் காட்டை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் பணியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. வைகையின் நீர்பிடிப்புப் பகுதியில் உண்ணிச்செடியைப் பிடுங்கி எறிந்து, புல்வெளியை மீட்கும் உங்கள் வேலையை வகுப்பில் பாடமாகவே சொல்கிறேன். அந்த மதிப்பு இருப்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

தயவுசெய்து இந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிடுங்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்காதீர்கள். நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாமல் மாதாமாதம் உதவித்தொகை கொடுங்கள், தொகையை அறிவிப்பிலேயே போடுங்கள். இடையில் போக நேர்ந்தவருக்கு வேலை செய்த மாதங்களுக்காவது சான்றிதழ் கொடுங்கள். எங்கள் மாணவிக்கும் அதை அனுப்பி வையுங்கள், அவளுடைய முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த மாத முடிவு என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் திருத்திய அறிவிப்பு வந்தால் அன்றைக்கே துறைப் பலகையில் நானே ஒட்டி, தகுதியான பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்வேன். வரும்வரை இப்போதுள்ள தாள் என் மேஜை இழுப்பறைக்குள்தான் இருக்கும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்