பிக்கப் வாங்குமுன் ஓட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

படுவான்கரை வயல்களிலிருந்து நெல்மூட்டை ஏற்றுவோருக்கு டீசல் பிக்கப்தான் சரி. டேர்போ டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 தடவை சுழலும்போதே நல்ல இழுவை தரும். கல்முனைக் கடைத்தெருவுக்குள் மட்டும் ஓடுவதென்றால் பெற்றோலே போதும். குறுந்தூர ஓட்டத்தில் புதிய டீசல் வண்டிகளின் புகைவடிகட்டி போதிய சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும்.

டீசலுக்கு முதல் எதிரி தண்ணீர். டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் துருப்பிடித்தால் செலவு தாங்காது. டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடியவிடுங்கள். திருகை இறுக்கி, கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். மாரியில் விளக்கு எரியும்வரை காத்திருக்காமலே வடியவிடுங்கள். டீசல் டாங்கியில் தவறுதலாகப் பெற்றோல் அடித்தால் சாவியைத் திருப்பவே கூடாது. முதலில் டாங்கியை வடித்தெடுங்கள்.

வாகனத் திருத்துநர்கள்,
களுவாஞ்சிகுடி