தடுப்பூசிப் பெட்டிக்குள் வேறெதையும் வைக்காதீர்கள்

ஆண்டுதோறும் மே மாதம் உலக சுகாதாரப் பேரவைக்காக ஜெனீவா செல்லும் இந்தியக் குழுவினருக்கும், அவர்களுக்குக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கும் சுகாதார, வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். போலியோ சொட்டு மருந்து முகாம்களில் பல வருடம் வேலை பார்த்தவள். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். வெளியுறவு விஷயத்தில் இந்தம்மாவுக்கு என்ன வேலை என்று உங்களில் யாராவது நினைத்தால் கோபப்பட மாட்டேன். ஆனால் 'நோய் ஒழிப்பு நாடுகளைச் சேர்த்துவைக்கும், தடுப்பூசி சமாதானத்தைக் கொண்டுவரும்' என்று பெரியவர்கள் மேடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு பலித்தாலும் பொய்த்தாலும் அதைச் சுமந்துகொண்டு போய்க் கதவைத் தட்டுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. எங்கள் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் சென்னையில் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்து, நோய் எப்படியெல்லாம் வரும், யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று வகை பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் பிறகு அந்தப் பகுப்பைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஊரில் 'அம்மா வந்திருக்கா' என்று வாசலில் வேப்பிலை செருகிய காலம் அது.

அந்த நோயை உலகத்திலிருந்தே துடைத்துவிடலாம் என்ற யோசனையை உங்கள் பேரவையில் முன்வைத்தவர் ஒரு சோவியத்காரர். 1958-ல் பேரவை அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் கூடியது. சோவியத் துணை சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானோவ் எழுந்து, அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் அந்தக் காலத்தில், பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜென்னருக்கு எழுதிய கடிதத்தையே மேற்கோள் காட்டிப் பேசினார். எதிராளியின் வீட்டில் போய் நின்று, அவருடைய பாட்டனார் சொன்னதையே எடுத்துப் பேசிய சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த வருடம் தீர்மானம் நிறைவேறியது. 1967-ல் தீவிரத் திட்டம் தொடங்கியபோது தலைமை ஏற்றவர் டி.ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். ஆரம்ப வருடங்களில் மருந்தில் பெரும்பகுதி வந்தது சோவியத்திலிருந்து. இரண்டு நாடும் ஒன்றையொன்று அணுகுண்டால் குறிபார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்கள். 1977-ல் சோமாலியாவில் இயற்கையாக நோய் வந்த கடைசி ஆளைக் கண்டுபிடித்தார்கள். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று உங்கள் பேரவை அறிவித்தது.

போலியோ சொட்டு மருந்தின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் ஆல்பர்ட் சேபின் உருவாக்கினார். சோவியத்தில் மிக்கேல் சுமக்கோவ் அதை 1959 வாக்கில் கோடிக்கணக்கான பேருக்குக் கொடுத்து வேலை செய்கிறது என்று காட்டினார். காசிமேட்டுக் குழந்தையின் வாயில் நான் விட்ட சொட்டில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

போர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1970-ல் கிழக்குப் பாகிஸ்தானில் பெரியம்மை நின்றுபோயிருந்தது. 1971-ல் போர். அகதிகள் கல்கத்தாவின் சால்ட் லேக் முகாமுக்கு வந்தார்கள், அங்கே நோய் பரவியது. பங்களாதேஷ் பிறந்ததும் சந்தோஷமாக ஊர் திரும்பியவர்களோடு நோயும் திரும்பியது. அதை மறுபடி ஒழிக்க 1975 வரை ஆனது.

சரி, இனி போர்நிறுத்தங்களுக்கு வருவோம். இதைத்தான் பேச்சாளர்கள் அதிகம் சொல்வார்கள். எல் சால்வடாரில் 1985-ல் யூனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்டின் முயற்சியாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியாலும் அரசும் கெரில்லாக்களும் மூன்று நாள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். சூடானில் 1995-ல் ஜிம்மி கார்ட்டர் நரம்புச் சிலந்தி நோய்க்காக ஒரு போர்நிறுத்தம் பேசி முடித்தார், கிட்டத்தட்ட ஆறு மாதம் நின்றது. அந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும், புழு வெளிவருகிற காலைக் குளத்தில் வைக்காமல் இருக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல ஆள் கிராமத்துக்குள் நடந்து போக வேண்டுமே! அதற்குத்தான் போரை நிறுத்தச் சொன்னார். 1986-ல் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், இன்று வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வந்தாலே அதிகம்.

நம் பக்கத்தில் இலங்கை. தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்துக்காக அரசும் புலிகளும் 'அமைதி நாட்கள்' ஒப்புக்கொண்டார்கள். மலேரியா ஒழிப்பு வேலையும் போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் முற்றாக நிற்கவில்லை. 2012 அக்டோபரோடு அங்கே உள்ளூர் மலேரியா நின்றது, 2016-ல் சான்றிதழே வாங்கிவிட்டார்கள். பெரிய நாடான நம்மால் இன்னும் முடியாத காரியம். புழல் காவாங்கரை முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் போய்ப் போரைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் எவ்வளவோ உண்டு. சொட்டு மருந்து போரை நிறுத்தியது என்று மட்டும் அவர்களிடம் சொல்லிப் பார்க்காதீர்கள்.

ஏனென்றால் நிறுத்தவில்லை. எல் சால்வடாரில் சண்டை 1992 வரை நடந்தது. சூடானில் ஒப்பந்தம் 2005-ல்தான் வந்தது. இலங்கையில் 2009-ல் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். காஸாவில் 2024 ஆகஸ்டில், கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதல் முறையாக, பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ உறுதியானது. செப்டம்பரில் பகுதி பகுதியாக, சில மணி நேரம் குண்டு போடாமல் இருக்க ஒப்புக்கொண்டு, 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மருந்து குடித்த குழந்தையின் மேல் மறுபடியும் குண்டு விழுந்தது. இதைச் சமாதானம் என்று அழைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக வேண்டாத வேலை என்றும் சொல்ல மாட்டேன். கால் விளங்காமல் போயிருக்க வேண்டிய குழந்தைகள் நடக்கும், அது போதும். அதோடு, யாரிடம் பேசினால் இந்தச் சாலை திறக்கும் என்று இரண்டு பக்கமும் ஒரு சிலருக்காவது தெரிந்திருக்கும். நோய் ஒழிப்பு ராஜதந்திரத்துக்குக் கொடுக்கிற லாபம் அந்த அளவுதான் என்பது என் கணக்கு. அதற்கு மேல் சொல்லி விற்காதீர்கள்.

ஊசிப் பெட்டிக்குள் வேறு வேலையைத் திணித்தால் என்ன நடக்கும் என்று பாகிஸ்தானில் பார்த்தாயிற்று. 2011-ல் அபோட்டாபாதில் பின்லேடன் ஒளிந்திருந்த வீட்டை உறுதிசெய்ய, அமெரிக்க உளவுத்துறை ஒரு உள்ளூர் மருத்துவரைக் கொண்டு ஹெபடைட்டிஸ் பி ஊசி முகாம் என்ற பெயரில் நாடகம் நடத்தியது. வீட்டுக்குள் போய்க் குழந்தைகளின் ரத்த மாதிரி எடுப்பது திட்டம். விஷயம் வெளியே வந்தது. அடுத்த வருடம் வடக்கு வஜீரிஸ்தானில் தாலிபான் தளபதி ஒருவர், ட்ரோன் தாக்குதல் நிற்கும் வரை போலியோ மருந்து கிடையாது என்று தடை போட்டார். 2012 டிசம்பரில் சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களைச் சுட்டுக்கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சொற்பச் சம்பளத்துக்கு ஐஸ் பெட்டி தூக்கியவர்கள். 2014-ல் பாகிஸ்தானில் 306 பேருக்குப் போலியோ.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், உங்கள் அலுவலகத்திலிருந்து பார்த்தால் இது தெரியாது. எங்கள் வேலை எப்படியென்றால், காலையில் பெட்டியை வாங்குவோம், மருந்து சூட்டில் கெட்டுவிட்டதா என்று காட்ட குப்பியில் ஒட்டியிருக்கும் சதுரம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம், தெருவுக்குள் போவோம். குழந்தையின் இடது சுண்டு விரலில் மை வைப்போம். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் கதவில் 'பி' என்று சாக்பீஸில் எழுதுவோம், பாக்கி இருந்தால் 'எக்ஸ்'. அந்த எக்ஸ் வீட்டுக்கு மறுநாள் திரும்பப் போக வேண்டும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தை, ஊரிலிருந்து வந்திருப்பது யார் என்று கேட்க வேண்டும். நன்றாக யோசித்துப் பாருங்கள், ஒரு ஒற்றனும் இதே கேள்விகளைத்தான் கேட்பான். எங்களை உள்ளே விட்டு, கைக்குழந்தையை மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால், 'இந்தம்மா மருந்து கொடுக்கத்தான் வந்திருக்கு' என்ற நம்பிக்கை மட்டுமே காரணம். அபோட்டாபாதில் உடைந்தது அது. பின்லேடனைப் பிடித்தது சரியா தப்பா என்பதல்ல என் கேள்வி. அதற்கு ஊசிப் பெட்டியை எடுத்தது தப்பு.

நம் ஊரிலும் நம்பிக்கை அப்படியொன்றும் கெட்டியாக இல்லை. 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. படித்த பெற்றோரே பள்ளிக்கூடத்தில் 'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்றார்கள். ஒரு உளவாளியும் இல்லாமலே இந்த நிலை. எழுபதுகளில் பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் வட இந்தியக் கிராமங்களில் ராத்திரியில் வீடு புகுந்து, திமிறியவர்களைப் பிடித்து வைத்து ஊசி போட்டதும் பதிவாகியிருக்கிறது. நோய் ஒழிந்தது. பயம் எவ்வளவு காலம் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

உடைந்ததை ஒட்ட முடியாதா என்றால், முடியும். அங்கேதான் நீங்கள் வேண்டும். நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003-ல், போலியோ மருந்து பெண் பிள்ளைகளை மலடாக்கும் என்று பேச்சு பரவி, மாநில அரசே முகாமை நிறுத்தியது. ஈராக் போர் நடந்த வருடம் அது, மேற்கு நாடுகள் எதைக் கொடுத்தாலும் சந்தேகம். அறிவியல் அறிக்கை மட்டும் காட்டிப் பலனில்லை. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு பேசியது, முஸ்லிம் பெரும்பான்மை நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வாங்கலாம் என்று ஏற்பாடானது, 2004 ஜூலையில் முகாம் மறுபடி தொடங்கியது. அதற்குள் வைரஸ் பல நாடுகளுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்து உதவிய இந்தோனேசியாவுக்கே 2005-ல் போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க மண்டலத்தில் காட்டு போலியோ வைரஸ் (சொட்டு மருந்திலிருந்து உருமாறி வராமல், இயற்கையாகவே பரவும் வகை) இல்லை என்று சான்று கிடைத்தது. யார் சொன்னால் அந்த ஊர் கேட்கும் என்று தெரிந்து, அவரைப் பேசவைத்தார்கள். ராஜதந்திரம் நோய் ஒழிப்புக்குச் செய்த நல்ல வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

நம் நாடு 2021-ல் அண்டை நாடுகளுக்குக் கொரோனா தடுப்பூசி அனுப்பியதே, அதுவும் நல்ல காரியம்தான். விமான நிலையத்தில் பெட்டிகளோடு எடுத்த படங்கள்தான் கொஞ்சம் அதிகம். இரண்டாவது அலை வந்து ஏற்றுமதி நின்றதும், முதல் டோஸ் போட்ட பூட்டான் இரண்டாவதுக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டியதாயிற்று. படமெடுத்துக் கொடுத்த பரிசு நின்றுபோனால் வருத்தமும் அதே அளவுக்குப் பெரிதாகிறது.

இப்போது என் கோரிக்கைகள்.

2014 மே மாதம் அமெரிக்க வெள்ளை மாளிகை, பொது சுகாதாரக் கல்லூரித் தலைவர்கள் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, இனி உளவுத்துறை தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்தாது என்று எழுதிக் கொடுத்தது. அது ஒரு நாட்டின், ஒரு அமைப்பின் வாக்கு. அதையே எல்லா நாடுகளும் ஏற்கும் தீர்மானமாகப் பேரவையில் இந்தியா முன்மொழிய வேண்டும். தடுப்பூசி, பரிசோதனை, கணக்கெடுப்பு எதையும் உளவுக்குப் போர்வையாக்கக் கூடாது என்று. முன்மொழியும் முன்பு நம் அரசும் தன்னைப் பற்றி அதே வாக்கைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் கேட்பார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்த பிறகு, இந்த மாதிரி விஷயத்தில் முன்னால் நிற்க இந்தியா போன்ற நாடு தேவைப்படுகிறது.

ஒவ்வொரு போரிலும் பிணங்கள் விழுந்த பிறகு, அமைதி நாளுக்காகப் புதிதாகக் கெஞ்சிப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. போர் எங்கே நடந்தாலும் நோய்த்தடுப்புக்கு இத்தனை நாள் வழிவிட வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள நாடுகளைக் கேளுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், தெரியும். போட மறுத்தவர் யார் என்றாவது தெரியட்டும்.

கடைசியாக, நம் எல்லை. காட்டு போலியோ வைரஸ் இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும்தான் தொடர்ந்து பரவுகிறது. 2024-ல் பாகிஸ்தானில் 74 பேருக்கு வந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை, தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு இல்லை. பஞ்சாபின் அட்டாரியில் எல்லை தாண்டி வரும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துவந்தோம். 2025 ஏப்ரலில் அட்டாரி வாசல் மூடப்பட்டது. அதற்கான காரணங்களை நான் விவாதிக்க வரவில்லை. தூதரகத்தைச் சுருக்குங்கள், விசாவை நிறுத்துங்கள், அது உங்கள் வேலை. ஆனால் சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி ஒவ்வொரு நாட்டிலும் நோய்த் தகவல் பரிமாற ஒரு தொடர்பு மையம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஊர்ச் சாக்கடையில் வைரஸ் தெரிகிறது, எங்கே முகாம் தவறியது என்று அந்த இரண்டு மையங்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். வேறு எந்தப் பேச்சு நின்றாலும் இதை நிறுத்த மாட்டோம் என்று இந்தியா தானாகவே, பதிலுக்கு எதையும் கேட்காமல், அடுத்த பேரவையிலேயே அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
போலியோ முகாம் முன்னாள் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.