ஒரே கொடி, இரண்டு மண், ஒரே விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இங்கு ஆண்டு முழுவதும் திராட்சை விளைகிறது’ என்று ஒரே வரியில் மண்ணையும் மழையையும் தாண்டிப் போய்விட்டார் கட்டுரையாளர். நாற்பது வருடமாகப் பந்தலுக்கு அடியில் நிற்கிறவன் நான். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இரண்டு தோட்டங்கள். ஒன்று ஆற்றை ஒட்டி, வண்டல் கலந்த கனத்த மண். இன்னொன்று மலையடிவாரத்தில், செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலம். இரண்டிலும் ஒரே கொடியில் வெட்டிய பன்னீர் திராட்சைக் குச்சிகளைத்தான் என் அப்பா நட்டார். ஆற்றோரத்தில் கொடி மதமதவென்று ஓடும். இலை பந்தலை அடைத்துக்கொள்ளும், கொத்தும் பெரிது. ஆனால் பழம் ஒன்றுபோல் கறுக்காது. ஒரே கொத்தில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு, இடையில் நாலைந்து பச்சை என்று நிற்கும். மேட்டில் தண்ணீர் தங்காமல் வடிந்துவிடுவதால் கொடி அடக்கமாகவே வளரும். மகசூல் குறைவுதான். பழமும் கொஞ்சம் சிறுத்திருக்கும். ஆனால் வாயில் போட்டால் அந்தப் பன்னீர் வாசம் மூக்குவரை ஏறும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்துகிறேன். சரளை உடனே காய்ந்து பழத்தில் இனிப்பு கூடும். கனத்த மண்ணோ உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு கொடிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஆண்டு முழுவதும் விளைகிறதே, எப்படி? குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். இங்கே அந்த அளவுக்குக் குளிர் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கவாத்து அடித்தால்தான், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால்தான், புதுத் தளிர் விட்டுக் காய்க்கும். நாசிக்கில் ஐப்பசி வாக்கில் கவாத்து செய்து மாசி, பங்குனியில் பறிக்கிறார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு மாதம் கவாத்து அடிப்பதால் எப்போதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். ஆனால் எல்லாப் பழமும் ஒன்றல்ல. மார்கழி, தையில் கவாத்து அடித்துச் சித்திரையில் பறிக்கும் பழத்துக்கு வெயிலும் உண்டு, மாலையில் மலையிலிருந்து இறங்கும் காற்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிக்கிய பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். இனிப்பும் இறங்கிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் துரையை நினைக்காமல் இருக்க முடியாது. மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை 1895-இல் அணை கட்டி முடித்துச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியவர் அவர். இங்கே பல வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்கு 14,707 ஏக்கருக்கென்று தண்ணீர் திறக்கும்போதுதான் எங்கள் கிணறுகளும் ஊறுகின்றன. அந்த ஊற்றை நம்பித்தான் இந்தப் பந்தல்கள் நிற்கின்றன.

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பழம் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்தது. பெருமைதான். ஆனால் போன சித்திரையில் என் இரண்டு தோட்டத்துப் பழத்தையும் வியாபாரி ஒரே கிலோ விலைக்குத்தான் எடுத்தார். எடை அதிகம் என்பதால் ஆற்றோரத் தோட்டம்தான் அதிகப் பணம் தந்தது. இப்படியே போனால் சரளை நிலத்துக்காரர்களும் தண்ணீரை ஊற்றி, உரத்தைக் கொட்டி எடையைத்தான் பெருக்குவார்கள். எந்த ருசிக்காகக் குறியீடு வாங்கினோமோ அந்த ருசி கைவிட்டுப் போகும். எனக்கு உள்ளபடியே பயமாக இருக்கிறது.

இங்கே ஒயின் ஆலை வேண்டும் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறோம். வரட்டும். ஆனால் விற்காமல் கிடக்கும் மழைக்காலப் பழத்தைத் தள்ளிவிடும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. ஒயினுக்கு முதலில் வேண்டியது பழத்தின் சர்க்கரை. அதுதான் நொதித்துச் சாராயச் சத்தாக மாறுகிறது. அதை அளக்கும் கருவி கைக்குள் அடங்கும், ஒரு சொட்டுச் சாறு போதும். களத்திலேயே அளந்து, இனிப்புக்கு ஏற்ற விலை கொடுக்க வேண்டும். ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மண்ணில், எந்த மாதப் பழத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறது என்று ஊர் ஊராக அளந்து தமிழில் வெளியிட்டால், எந்த நிலத்தை எதற்கு வைத்துக்கொள்வது என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

கட்டுரையாளரைச் சித்திரையில் எங்கள் ஊருக்கு அழைக்கிறேன். காலையில் இரண்டு தோட்டத்திலும் ஒவ்வொரு கொத்து பறித்துத் தருகிறேன். தின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.