மழையைக் கண்டுபிடித்தவனுக்கு அரை மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேரனின் தமிழ்த் தேர்வுத்தாளைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன். சின்னப் பத்தி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலையில் பாட்டி மொட்டைமாடியில் வடகம் காயவைத்தாள், மதியம் வானம் கறுத்தது, பாட்டி படியேறி ஓடினாள். ஏன் ஓடினாள் என்று கேள்வி. இவன் "மழ வருதுல்ல, வடகம் நனஞ்சிரும்" என்று எழுதியிருக்கிறான். இரண்டுக்கு அரை மதிப்பெண், பக்கத்தில் சிவப்பு மையில் 'பேச்சுத்தமிழ் கூடாது'. எதிர்வீட்டுப் பிள்ளை 'வானம் கறுத்தது, பாட்டி படியேறி ஓடினாள்' என்று பத்தியை அப்படியே இறக்கிவைத்து முழு மதிப்பெண் வாங்கிவிட்டது.

மழை என்ற சொல்லே அந்தப் பத்தியில் கிடையாது. அதைக் கொண்டுவந்தவன் இவன்தான்.

'பூங்கன் சிலுவத்தை மடுக்கினான். பூங்கன் எதை மடுக்கினான்?' என்று நான் கேட்டால் நீங்களும் சட்டென்று 'சிலுவத்தை' என்பீர்கள். என்ன புரிந்தது? எனக்கே தெரியாது, நானே இட்டுக்கட்டிய சொற்கள். நம் கேள்வித்தாள்களில் பாதிக் கேள்வி இந்த ரகம்தான்.

எழுத்துத்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும், கொஞ்சம் மெதுவாக வரும். ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் படிப்பது இன்னொன்று, அதற்கு நடுவே எழுத்துப்பிழை, கையெழுத்து, நேரம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் போட்டுச் சோதித்துவிட்டு 'புரியவில்லை' என்று முத்திரை குத்துவதுதான் நியாயமில்லை. அரசுப் பள்ளிகளில் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பாட்டும் நடிப்பும் உண்டு. இங்கே காசு கட்டிப் படிக்கவைத்தும் தாளும் பென்சிலும்தான்.

அன்று சாயங்காலம் அதே கதையைப் படமாகப் போடச் சொன்னேன். கறுப்பு மேகம், முந்தானையைத் தலையில் போட்ட பாட்டி, வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக வடகம், அப்புறம் ஒரு காக்கா. கதையில் காக்கா இல்லையேடா என்றேன். "வடகம் போட்டா காக்கா வராதா தாத்தா?" என்றான். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

வாத்தியார்களைக் குறை சொல்லவில்லை, நாற்பது தாளைத் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் கதை கேட்க நேரம் ஏது. ஒரு நாளைக்கு நாலு பிள்ளை வீதம், உன் வார்த்தையில் சொல் என்று கேட்டாலே இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். சொல்ல வராத பிள்ளை நடித்துக் காட்டட்டும், வரையட்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்திலும் கதைக்குக் கீழே ஐந்து கேள்வி போடுகிறீர்கள். ஒரு வாரமாவது அந்த இடத்தைப் படம் வரையக் காலியாக விட்டுப் பாருங்களேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
திண்டுக்கல்