விழுங்கியதும் நின்றுவிடுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த செரிமானக் கட்டுரையில், மாவுச்சத்தை உடைக்கும் வேலையை உமிழ்நீர் வாயிலேயே தொடங்கிவிடுகிறது என்று இருந்தது. சரிதான். ஆனால் அடுத்த வரியில், உணவு இரைப்பைக்குப் போனதுமே அந்த வேலை நின்றுவிடும் என்றும் இருந்தது. உயிரியல் பாடம் நடத்திய எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாணவர்கள் மனதில் சுலபமாகப் பதிந்து, பிறகு போகவே போகாத தவறு இது.

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, நீண்ட சங்கிலியான மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளாக்குகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7-ஐ ஒட்டிய சூழலில் அது நன்றாக வேலை செய்யும். பிஎச் 4-க்குக் கீழே போனால் செயலிழந்துவிடும். இரைப்பையோ அமிலம் சுரக்கும் இடம். அதனால்தான் இந்தத் தவறு வருகிறது.

ஆனால் மென்று விழுங்கிய உணவு உருண்டையாகப் போய் இரைப்பையின் மேற்பகுதியில் தங்குகிறது. அங்கே கடைதல் குறைவு. அமிலம் முதலில் தொடுவது உருண்டையின் வெளிப்புறத்தை. உள்ளே ஊறி இறங்க நேரமாகும். அதுவரை, சில சமயம் ஒரு மணி நேரம்கூட, உள்ளே அமைலேஸ் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறது. வாயில் இருக்கும்போது உடைவது 5 சதவீதத்தைத் தாண்டாது. அமிலம் முழுதாகக் கலப்பதற்குள் 30 முதல் 40 சதவீதம் வரை உடைந்துவிடலாம் என்று உடலியல் பாடநூல்கள் சொல்கின்றன. அதாவது உமிழ்நீரின் பெரும்பகுதி வேலை நடப்பதே இரைப்பையில்தான்! மீதியைச் சிறுகுடலில் கணைய அமைலேஸ் பார்த்துக்கொள்கிறது.

நன்றாக மெல்ல வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம். அரைகுறையாக மென்றால் உமிழ்நீர் உருண்டையின் உள்ளே போய்ச் சேராது, மேலே மட்டும் ஒட்டும். அமிலம் முதலில் தாக்குவதும் அந்த மேற்புறத்தைத்தான்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, மாணவர்களுக்கு ஒரு சோதனையையும் சேர்த்துப் போடுங்கள். மூன்று சோதனைக்குழாய்களில் ஆறிய, நீர்த்த மாவுக்கஞ்சி எடுக்க வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் உமிழ்நீர், மூன்றாவதில் வினிகர் கலந்த உமிழ்நீர். உடல் சூட்டளவு வெதுவெதுப்பில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அப்புறம் அயோடின் விட்டால், மாவுச்சத்து உடையாமல் இருக்கும் குழாய்கள் கருநீலமாகும்; வெறும் உமிழ்நீர் சேர்த்த குழாயில் மட்டும் அந்தக் கருநீலம் வராது. வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்